நாற்பத்தெட்டாவது கட்டில்

ஜெரார்தா அத்தை வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. அதன் மூன்று தட்டுகளிலுமாக நாற்பத்தேழு வலைப்பைகள் இருந்தன. பைக்கு ஐந்தாக வெள்ளைப் பாதாம் மிட்டாய்கள். பையின் கழுத்தில் ஒரு சீட்டு. சீட்டில் இரண்டு பெயர்களும் ஒரு தேதியும். முதல் சீட்டின் தேதி 12 செப்டம்பர் 1981. கடைசிச் சீட்டின் தேதி 6 அக்டோபர் 2018. அந்த வீட்டு மாடியறையில் குடியேறிய முதல் வாரத்திலேயே நான் அவற்றை எண்ணி என் குறிப்பேட்டில் வரிசைப்படுத்திக்கொண்டேன். பதிவேடுகளைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவளுக்கு அது இயல்பான பழக்கம்தான்.

அவை அத்தை விரித்த கட்டில்களின் எண்ணிக்கை.

அத்தையின் ஊரான காஸ்தெல்மூரோவில் திருமணங்கள் சனிக்கிழமையில் நடக்கும். அதற்கு முந்திய வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மணமக்கள் குடிபுகப்போகும் வீட்டில், இரண்டு பெண்கள் கட்டிலுக்குப் புது விரிப்பு விரிப்பார்கள். இருவருக்கும் கணவன் உயிரோடு இருக்க வேண்டும். கைம்பெண் அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. மடித்து வைத்த விரிப்பைக்கூடத் தொடக்கூடாது. விரித்து முடித்ததும் இருவருக்கும் ஐந்தைந்து பாதாம் கொடுப்பார்கள்.

ஊரே அத்தை என்று அழைத்த அவருக்கு, நான் அங்கே இருந்தபோது அறுபத்து மூன்று வயது. கோயில் பீடத் துணிகளையும் திருமண விரிப்புகளையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுப்பது அவர் தொழில். 1976-இல் அர்க்காஞ்செலோ என்ற தச்சரைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று ஆண்டுகளில் அர்க்காஞ்செலோ வெனிசுவேலாவுக்கு வேலைக்குப் போனார். 1981-இல், வழக்கமாகக் கட்டில் விரிக்கும் பெண்மணி காய்ச்சலில் படுத்துவிட, அவருக்குப் பதிலாக அத்தையை அழைத்தார்கள். அடுத்த கோடையில் அந்தத் தம்பதிக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. அன்று முதல் அவர் கைபடாத கட்டிலில் ஊரில் எந்தப் புதுமணத் தம்பதியும் படுத்ததில்லை. கணவன் கடலுக்கு அப்பால் இருப்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று கட்டில் கேட்பதில்லை. இருக்கிறானா என்று மட்டுமே கேட்கும்.

நாற்பத்தெட்டாவது கட்டில் அவருடைய அண்ணன் மகள் ஒர்சோலாவுக்கு. நான்கு வயதில் தாயை இழந்த ஒர்சோலாவை வளர்த்தவர் அத்தைதான். திருமணம் 15 ஜூன் 2019 என்று முடிவாகியிருந்தது. அந்நிய நாட்டு விருந்தாளியாக எனக்கும் அழைப்பு வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நகராட்சியின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் இறந்த ஊர்க்காரர்களின் மரணங்களுக்குத் தனித் தொகுதி உண்டு. அதில் எட்டாம் பதிவு: அர்க்காஞ்செலோ, தச்சர், மரக்காய்போ நகரில் 9 செப்டம்பர் 1998 அன்று இறந்தார். அதன் பின்னால் மடித்து ஒட்டிய ஒரு ரசீது. ‘நகல் பெற்றுக்கொண்டேன். 3 பிப்ரவரி 1999.’ அதன் கீழே ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதிய கையெழுத்து. அத்தை என் சாவிக்கொத்தின் அட்டையில் எழுதிக் கொடுத்த அதே எழுத்து.

அப்போது பதிவாளராக இருந்தவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பின் அந்தத் தொகுதியை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை அலமாரியின் முன் நின்று சீட்டுகளை மறுபடி பார்த்தேன். அந்தப் பிப்ரவரிக்கு முன் பதினெட்டு. பின் இருபத்தொன்பது.

இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை ஊர் எனக்கு முன்பே சொல்லியிருந்தது. அத்தை கட்டில் விரிக்கத் தொடங்கும் முன்பு, நுன்சியாத்தா என்று ஒரு பெண்மணி. சந்தைத் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் ஒரு கட்டிலை விரித்தார். அன்று காலை ஒன்பது மணிக்கே அவர் கணவர் கல் குவாரியில் பாறை சரிந்து இறந்திருந்தார். செய்தி மாலையில்தான் வந்தது. அந்தத் தம்பதியின் முதல் குழந்தை இறந்து பிறந்தது. அதன் பிறகு நுன்சியாத்தாவின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. அவர் எதிரே வந்தால், தீமை அண்டாதிருக்க, ஆண்கள் சட்டைப் பைக்குள் இரும்புச் சாவியைத் தொட்டார்கள். பெண்கள் மேலாடைக்கடியில் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பு போல நீட்டிக்கொண்டார்கள். ஒரே குளிர்காலத்தில் கடை மூடப்பட்டது. அவர் தூரின் நகரத்து மகள் வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இரண்டு மணி நேரக் கைம்பெண்ணாக, அறியாமல் தொட்டதற்கே அந்தத் தண்டனை.

ஏப்ரல் கடைசியில் மணமகன் சவேரியோவின் தாய் ரொக்கீனா விரிப்புகளைக் கொண்டு வந்தார். லினன் விரிப்பு இரண்டு, தலையணை உறை நான்கு. அவர்தான் அத்தையோடு சேர்ந்து விரிக்கவிருந்த மற்றொரு பெண். உரத்த குரல், வாயில் எதுவும் தங்காது.

“என்ன சம்பந்தி, கஞ்சி கெட்டியா போடு. போன தடவை பீடத்துணில நம்ம சாமியார் முழங்கையை வெச்சாரு, அது தகரம் மாதிரி சத்தம் போட்டுச்சு. அப்படி இருக்கணும்.”

“அதுல படுக்கப்போறது சாமியார் இல்ல, உம்மவன்.”

“அவனுக்குத் தகரம்தான் லாயக்கு!” ரொக்கீனா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா இந்தியாக்காரி, உங்க ஊர்ல கட்டிலை யாரு விரிப்பா?” என்று கேட்டார்.

“அப்படி ஒரு சடங்கு இல்ல. ஆனா கல்யாண மேடைப் பக்கம் கைம்பெண்களை வர விடாத வீடுங்க இன்னும் இருக்கு.”

“அட! அப்ப நீங்களும் நம்ம ஆளுங்கதான். கலர்தான் வேற.” அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். “என் ஆளு நாள் முழுக்கக் கண்ணு முன்னாடியே திரியறான், அது என் கஷ்டம். உன் ஆளு நாப்பது வருஷமா கண்ணுலயே படல, அது உன் கொடுப்பினை. ஆனா சம்பந்தி, இந்தத் தடவை விட மாட்டேன். அர்க்காஞ்செலோ கல்யாணத்துல தலையக் காட்டணும்.”

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அவரால எப்படி வர முடியும்?”

“வர வேணாம். போன்ல வரட்டும். சவேரியோ பெரிய திரையில காட்டறேன்னு சொல்றான். பொண்ணை வளர்த்த வீட்டு ஆம்பள ஒரு வார்த்தை வாழ்த்தினா என்ன?”

“அங்க கரண்டே இல்லியாம். வாரக்கணக்கா இருட்டுல கிடக்குதாம் ஊரு. டீவில பாக்கலியா?”

“பாத்தேன் பாத்தேன். அப்ப அட்ரசைக் கொடு. அழைப்பிதழாவது அனுப்பறேன்.”

“வீடு மாறிட்டே இருப்பாரு.”

“பொண்டாட்டிக்கே புருஷன் அட்ரஸ் தெரியலன்னா எப்படி? விடு, பன்கிராசியோவைக் கேக்கறேன். வெளிநாட்டுக்குப் போனவன் எல்லாரு அட்ரசும் ஆபீஸ்ல இருக்குமாமே.”

பன்கிராசியோ இப்போதைய பதிவாளர். ரொக்கீனாவின் ஒன்றுவிட்ட தம்பி. ரொக்கீனா போன பிறகும் அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது போலவே மே இருபதாம் தேதி பன்கிராசியோ என் மேசைக்கு வந்தார்.

“டாக்டரம்மா, ஒரு உதவி. எங்கக்கா என்னை உயிரோட தோலுரிக்கிறா. ஜெரார்தா அத்தை வீட்டுக்காரரு வெனிசுவேலால எங்க இருக்காருன்னு பாக்கணும். வெளிநாட்டுத் தொகுதியெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அந்தக் கிறுக்கல் எனக்குப் படிக்க வராது.”

“பார்க்கிறேன்” என்றேன்.

அரை மணி நேரம் வெவ்வேறு தொகுதிகளைப் புரட்டினேன். எட்டாம் பதிவு இருந்த தொகுதி என் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. பிறகு அவரிடம் போய், முகவரி எதுவும் பதிவாகவில்லை என்றேன். ஒரு வகையில் அது உண்மை; இறந்தவருக்கு முகவரி இல்லை. ஆனால் ஆவணத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

“நல்லதாப் போச்சு” என்றார் பன்கிராசியோ. “நீங்க படியெடுத்த தொகுதியெல்லாம் ஜூன் மாசக் கடைசியில நானே ஒருக்கா சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். அப்ப கண்ணுல பட்டா சொல்றேன்.”

ஆக, திருமணம் வரை தாண்டிவிடலாம். அதற்கு மேல் தாண்ட முடியாது. அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் யோசித்தேன். யோசித்தபடியே, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். நாற்பத்தேழு சீட்டுகளையும் திருமணப் பதிவேட்டோடும் மரணப் பதிவேட்டோடும் ஒப்பிட்டேன். பத்து ஆண்டுகளுக்குள் பிரிந்தவர்கள், துணையையோ குழந்தையையோ பறிகொடுத்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தேன். முதல் பதினெட்டில் மூன்று வீடுகள். அடுத்த இருபத்தொன்பதில் ஐந்து. இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதம்.

அந்த ஐந்தில் ஒன்று மிலேனாவுடையது. சீட்டின் தேதி 4 ஜூன் 2011. மணமான நான்காம் மாதத்தில் அவள் கணவன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தான். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அதன் பிறகு ஓராண்டு முழுதும், நாள் தவறாமல், அத்தை அவள் வீட்டுக்கு ஒரு தூக்கில் சூப் கொண்டுபோனார் என்று ஊரே பாராட்டிச் சொல்லும். மிலேனா மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். வழியில் அத்தையைக் கண்டால் கன்னத்தில் முத்தமிடாமல் போகமாட்டாள்.

ஜூன் 12, புதன்கிழமை பிற்பகல். ஒர்சோலாவின் விரிப்பு மேசையின் மீது விரிந்து கிடந்தது. அத்தை தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைத் தேற்றுகிறேன் என்று நினைத்துத்தான் பேச்சை எடுத்தேன்.

“அத்தை, உங்க கை ராசியைப் பத்தி ஊர்ல என்ன வேணா சொல்லட்டும். நான் பதிவேட்டோட ஒப்பிட்டுப் பாத்தேன். முதல் பதினெட்டு கட்டில்ல மூணு வீட்லதான் கஷ்டம். அப்புறம் வந்த இருபத்தொம்பதுல அஞ்சு. எல்லாம் ஒரே அளவுதான். கட்டிலுக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு மடிப்பு முடிந்தது. பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“எதுக்கு அங்க பிரிச்சே?”

“எங்க?” என்றேன்.

“நாப்பத்தேழை ரெண்டாப் பிரிச்சா இருபத்தி மூணு, இருபத்தி நாலு. நீ பதினெட்டுல பிரிச்சிருக்கே. ஏன் அங்க?”

செய்த தவறு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“எட்டாம் பதிவு” என்றேன். “மார்ச்ல பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஒப்பிப்பது போலச் சொன்னார்.

“அந்தக் காகிதம் கைக்கு வந்தப்ப, அடுத்த வாரம் ஒரு கட்டில் இருந்துச்சு. பொண்ணு வீட்ல விரிப்பெல்லாம் கொண்டாந்து கொடுத்துட்டாங்க. ஒர்சோலாவுக்கு ஏழு வயசு. அம்மா செத்து மூணு வருஷம் ஆகல. அந்த ஒரு கட்டிலை முடிச்சிட்டு சொல்லிடலாம்னு நெனச்சேன். முடிஞ்சப்புறம் எப்படிச் சொல்ல? சொன்னா அந்தப் பொண்ணு என்ன ஆவா? அவளுக்காகச் சொல்லல. அப்புறம் அடுத்தவளுக்காகச் சொல்லல.” என் பக்கம் திரும்பினார். “நீ மூணு மாசமா எண்ணினதை நான் இருபது வருஷமா எண்ணிட்டிருக்கேன். மிலேனா வீட்டுக்கு ஒரு வருஷம் சூப் தூக்கிட்டுப் போனது எதுக்குன்னு நெனைக்கிறே?”

“அத்தை, அது டிராக்டர். பள்ளத்துல சாஞ்சிருக்கு. பதிவுல இருக்கு.”

“உன் பதிவுல இருக்கும். நாளைக்கு நான் தொடப்போறது என் புள்ள கட்டில்.”

அவர் எழுந்து மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். நான் மாடிக்குப் போனேன். சிறிது நேரத்தில் கீழிருந்து துணி பொசுங்குவது போன்ற வாசனை வந்தது. ஆனால் அது துணியின் வாசனை இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது, அவருடைய வலது உள்ளங்கை முழுக்க இஸ்திரிப் பெட்டியின் முனை வடிவில் வெந்து போயிருந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்றார். நாற்பது ஆண்டு இஸ்திரி போட்ட கைகளில் பழைய தழும்புகள் பல உண்டு. எல்லாம் மணிக்கட்டிலும் புறங்கையிலும் இருந்தன. உள்ளங்கையில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அந்தோணியார் திருநாள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது புது வீட்டின் படுக்கையறையில் ஒன்பது பெண்கள் கூடியிருந்தார்கள். ரொக்கீனா, ஒர்சோலா, நான். ஃபெர்மீனா உட்பட மற்ற ஆறு பேரும் அத்தை விரித்த கட்டிலில் வாழ்க்கை தொடங்கியவர்கள். கைம்பெண்கள் மாடிக்கு வரக்கூடாது என்பதால் மிலேனா தெருப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது; கீழே அவள் யாருடனோ பேசுவது கேட்டது.

அத்தை நிலைப்படிக்கு வெளியே நின்றார். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தார்.

“என்னால முடியாது ரொக்கீனா. கையைப் பாரு. ஃபெர்மீனா விரிக்கட்டும்.”

“அடடா, இன்னைக்குன்னா பாத்து சுட்டுக்கிட்டே? நாப்பத்தேழு வீட்டுக்கு நல்லாருந்த கை நம்ம வீட்டுக்கு வெந்துபோச்சா?” என்றார் ரொக்கீனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “இடது கை இருக்குல்ல? விரிப்போட ஒரு மூலையைப் புடிச்சா போதும். இழுக்கறதை நான் இழுத்துக்கறேன்.”

“வேணாம்.”

“ஒரு மூலைடி! பூனை தொடற மாதிரி தொடு!”

பெண்கள் சிரித்தார்கள். அத்தை அசையவில்லை. ஒர்சோலா அவரருகே போனாள்.

“அத்தை, என்ன இது? நீ தொடலன்னா நான் இந்தக் கட்டில்ல படுக்கவே மாட்டேன். எங்கம்மா இல்ல. நீதான் இருக்கே. ஒரு விரல் வை, போதும்.” அவள் அத்தையின் இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அத்தையின் மறு கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது. வெந்த கை. கட்டுத் துணியில் ஈரம் ஊறியது; அவர் விடவில்லை.

சிரிப்பு நின்றது. ரொக்கீனா மெதுவாக விரிப்பைக் கட்டிலின் மீது போட்டார்.

“சம்பந்தி, எதுக்கு உள்ள வர மாட்டேங்கறே?”

அத்தை என்னை ஒரு முறை பார்த்தார். இன்னொரு பொய் என்னிடம் இருக்கிறதா என்று பார்த்ததாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

“நான் தொடக்கூடாது” என்றார். “அவரு செத்துட்டாரு.”

“ஐயோ, எப்ப? நேத்தா? போன் வந்துச்சா?”

“தொண்ணூத்தெட்டுல.”

ஒர்சோலா பிடித்திருந்த கையை விட்டாள். அவள் விட்டதை அத்தை குனிந்து பார்த்தார்.

அந்த அறையில் எவரும் கத்தவில்லை. ஆறு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஆண்டை நினைவுக்குக் கொண்டுவருவது உதடுகளில் தெரிந்தது. கலைந்த கரு, மூன்று வேலை இழந்த கணவன், நடக்காத பிள்ளை; அதுவரை தனித்தனியாக இருந்தவை எல்லாம் அந்த நிலைப்படியில் நின்ற ஒருத்தியை நோக்கித் திரும்பின. ஃபெர்மீனா முதலில் ஜன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டாள். பிறகு மற்றவர்கள் தொட்டார்கள்.

கீழே மிலேனாவின் பேச்சு நின்றிருந்தது.

கட்டிலை ரொக்கீனாவும் ஃபெர்மீனாவும் விரித்தார்கள். அத்தை தேய்த்த விரிப்பு இல்லை. ரொக்கீனா தன் வீட்டிலிருந்து வேறொன்றை வரவழைத்தார்.

திருமணம் குறித்தபடி நடந்தது. சனிக்கிழமை காலை வாசலில் கட்டிய வெள்ளை ரிப்பனை ஒர்சோலா வெட்டினாள். அவளைத் தந்தை வீத்தோ கோயிலுக்கு அழைத்துப் போனார். அத்தையும் நானும் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தோம். எங்களுக்கும் முன்னே சென்றவர்களுக்கும் நடுவே பத்தடி இடைவெளி இருந்தது. நாங்கள் வேகமாக நடந்தாலும் அது குறையவில்லை.

விருந்து ஊருக்கு வெளியே ஆலிவ் தோப்பு மண்டபத்தில். பத்து நாற்காலி போட்ட எட்டாம் மேசையில் எங்கள் பெயர்களோடு மற்ற எட்டுப் பெயர்களும் எழுதியிருந்தன. அந்த எட்டுப் பேரும் வேறு மேசைகளில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அந்நிய நாட்டவளான எனக்கு இந்த விதிகள் பொருந்தா என்று நினைத்தார்களோ என்னவோ, என்னை யாரும் அழைக்கவில்லை. பரிமாறியவர் காது வடிவ பாஸ்தாவையும், பிறகு ஆட்டிறைச்சியையும் பத்துப் பேருக்கு உரிய தட்டுகளில் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். அத்தை இடது கையால் முள்கரண்டியைப் பிடித்து எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டார். அக்கார்டியன்காரர் எங்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசியில் மணமக்கள் வெள்ளித் தட்டோடு மேசை மேசையாக வந்தார்கள். மணப்பெண் கரண்டியால் பாதாம் அள்ளிக் கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஐந்து. எங்கள் மேசைக்கு வருவாளா என்று மண்டபமே பார்த்தது. ஒர்சோலா வந்தாள். என் பையில் ஐந்தை இட்டு, என்னை முத்தமிட்டாள். அத்தை தன் பையை விரித்து நீட்டினார். ஒர்சோலா கரண்டியை அதன் மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, பை மீது படாமல் கவிழ்த்தாள். ஒரு பாதாம் மேசை விளிம்பில் பட்டு உருண்டு கீழே போனது.

“எடுத்துத் தரேன் அத்தை” என்று குனிந்தாள்.

“ஒர்சோலா!” என்று ரொக்கீனாவின் குரல் வந்தது. “நீ அங்க குனியாதே!”

அவள் நிமிர்ந்தாள். அத்தை நான்கு பாதாமோடு பையின் கழுத்தை முடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் ஆள் கதவைத் தட்டினாள். ஃபெர்மீனா. வீட்டுக்குள் வரவில்லை.

“எங்க பையைக் கொடு.”

அத்தை அலமாரியைத் திறந்து, 2006 மே மாதச் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். ஃபெர்மீனா அதைக் கைக்குட்டையில் வாங்கிச் சுருட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் நின்றார்கள். மதியத்துக்குள் இருபத்தெட்டுப் பைகள் போய்விட்டன. பிறகு முதல் பதினெட்டுப் பைகளுக்கு உரியவர்களும் வரத் தொடங்கினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“உங்க கல்யாணம் தொண்ணூத்திரண்டுல நடந்தது” என்று ஒரு பெண்மணியிடம் சொன்னேன். “அப்ப அவரு உயிரோட இருந்தாரு. பதிவுல இருக்கு, நான் காட்டறேன்.”

“காகிதத்தை யாரு கண்டா? இருபது வருஷம் மறைச்சவ முப்பது வருஷம் மறைக்க மாட்டாளா?” அவர் என்னிடம்தான் பேசினார், அத்தை அங்கே இல்லாதது போல. “பையைக் கொடுக்கச் சொல்லு.”

என் பட்டியலும் விகிதமும் மாடியறைக் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றைக் கீழே கொண்டுவரவில்லை. வாசலுக்கு வந்தவர்கள் யாரும் விகிதம் கேட்டு வரவில்லை.

மாலையில் அலமாரியில் ஒரே ஒரு பை மிஞ்சியது. 4 ஜூன் 2011. அதை அத்தை தட்டின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார். தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் அவர் தலை நிமிர்ந்தது. மிலேனா அன்று வரவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். மற்றவர்களைப் போல வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து மேசையருகே உட்கார்ந்தாள். கன்னத்தில் முத்தமிடவில்லை.

“பையை எடுங்க அத்தை.”

அத்தை எடுத்து அவள் முன் வைத்தார். மிலேனா முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். ஐந்து பாதாம்களையும் மேசை விரிப்பின் மீது ஒரே வரிசையில் வைத்தாள். எட்டு ஆண்டுகளில் அவை மஞ்சளித்துப்போயிருந்தன.

“கட்டில் விரிச்ச அன்னைக்கு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. உடம்புக்கு ஒண்ணு, செல்வத்துக்கு ஒண்ணு, சந்தோஷத்துக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு, ஆயுசுக்கு ஒண்ணு.”

“சொன்னேன்.”

“இதுல ஆயுசுக்கு எது?”

அத்தை பாதாம்களைப் பார்த்தார். அவருடைய இடது கை மேசையின் மீது சற்று முன்னே வந்து, நின்றுவிட்டது.

“தெரியலம்மா.”

“யோசிச்சுப் பாருங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, மருந்துக் கடையில் மாத்திரை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லும் அதே குரல். “ஒரு வருஷம் தினம் சூப் கொண்டாந்தீங்க. நானும் தினம் குடிச்சேன். அதே மாதிரி நானும் வரேன். உங்களுக்கு நெனப்பு வர்றப்ப சொல்லுங்க.”

ஐந்தையும் பையில் இட்டு, அதே முடிச்சைப் போட்டு, அலமாரியின் நடுவில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாளும் பதினொரு மணிக்கு வந்தாள். அதே கேள்வி, அதே முடிச்சு. நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஜூன் 28 வரை ஒரு நாளும் தவறவில்லை. அதற்குள் பன்கிராசியோ எட்டாம் பதிவைக் கண்டு, அத்தையின் திருமணப் பதிவின் ஓரத்தில் ‘கணவர் இறந்தார்’ என்று குறித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒர்சோலா புது வீட்டிலிருந்து ஒரு முறையும் வரவில்லை. அவள் கருவுற்றிருப்பதாகப் பேச்சு வந்தால் அது நல்ல செய்தியாக இருக்குமா, அஞ்ச வேண்டிய செய்தியாக இருக்குமா என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை.

புறப்பட்ட நாளில் என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு விடைபெற உள்ளே போனேன். பத்தே முக்கால். அத்தை மேசை விரிப்பை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டார். பிறகு கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.